முன்னூற்று எண்பத்து நான்கு அப்பாக்கள்

எங்கள் மருத்துவக் கல்லூரி முதல்வர் வெளிநாட்டில் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு ஆறாம் நாள் திரும்பி வந்தார். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி. அங்கே ஒரு கல்லூரியில் மருந்தியல் மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்தோடு கூடவே மாதத்துக்கு ஓர் ஆய்வுக் கட்டுரையும் படிக்கக் கொடுக்கிறார்களாம். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் 'கூடவே' என்ற சொல் விமானம் மாறுகிற இடத்தில் எங்கேயோ தவறிவிட்டது. இங்கே வந்து இறங்கியபோது அவர் கையில் கட்டுரை மட்டும்தான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நூற்றைம்பது பேரையும் பெரிய அரங்கில் உட்கார வைத்தார்கள். எனக்கு மூன்றாவது வரிசை. தூங்க வசதியில்லாத இடம் என்பதால் அவர் பேசியது முழுவதும் நினைவிருக்கிறது.

"பாடப்புத்தகத்துல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, யாராவது சொல்லிவிடப் போகிறார்களே என்று அவரே அவசரமாகச் சொன்னார். "பதில் இருக்கு. பதில் கிடைச்சதும் மாணவன் என்ன பண்றான்? யோசிக்கிறதை நிறுத்திடறான். இனிமே இந்தக் கல்லூரியில அது நடக்காது. இங்கேருந்து பதில் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கூட வெளியே போக மாட்டார். அதுக்கு நான் பொறுப்பு."

கை தட்டினோம். பின்வரிசைப் பேராசிரியர்கள் எங்களைவிடப் பலமாகத் தட்டினார்கள். பாடம் நடத்துகிற வேலை அன்றோடு முடிந்தது என்பது எங்களுக்கு முன்னால் அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

சொன்னதைச் செய்து காட்டினார் மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். நூலகத்தில் இருந்த மருந்தியல் புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி, பின்பக்க அறையில் போட்டுப் பூட்டினார்கள். கதவில் 'இரண்டாம் கை அறிவு – உள்ளே வரக் கூடாது' என்று ஒரு பலகை. தொற்றுநோய் வார்டு வாசலில்கூட அவ்வளவு பெரிய பலகை கிடையாது.

பிறகு ஐந்து வருட விதி வந்தது. கடந்த ஐந்து வருடத்துக்குள் ஒரு மருந்தைப் பற்றிக் கட்டுரை வந்திருந்தால்தான் அது பாடத்தில் இருக்கலாம். எழுபது வருடமாக வாயை மூடிக்கொண்டு ஒழுங்காக வேலை செய்கிற மாத்திரையைப் பற்றி இப்போது எவன் உட்கார்ந்து கட்டுரை எழுதுவான்? ஆக, ஊர் உலகமெல்லாம் சாப்பிடுகிற மாத்திரைகள் ஒவ்வொன்றாகப் பாடத்திட்டத்திலிருந்து கழன்று விழுந்தன. அவற்றுக்குப் பதிலாக, இன்னும் கடைக்கே வராத, வருமா என்று தயாரித்தவர்களுக்கே தெரியாத பதினேழு மருந்துகள் வந்து உட்கார்ந்தன. அவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது, நான்கு எழுத்தும் ஐந்து எண்ணும்தான். அவற்றை மனப்பாடம் செய்தோம்.

தினமும் காலை எட்டு மணிக்குக் கட்டுரை நேரம். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் குறை கண்டுபிடிக்க வேண்டும். 'இந்த ஆய்வின் குறைபாடுகள்' என்ற பகுதி வரும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அடக்கம் பழகுவதற்காம். எழுதியவர்கள் பெயர் வரிசையில் முதல் பெயருக்கு மதிப்பா, கடைசிப் பெயருக்கு மதிப்பா என்பதை மட்டும் மூன்று வாரம் அலசினோம். ஒரு மருந்து 'வேலை செய்கிறது' என்று யாரும் சொல்லக் கூடாது. 'வேலை செய்வதாகத் தோன்றுவதை முற்றிலும் மறுப்பதற்கில்லை' என்று சொல்ல வேண்டும். இரண்டு மாதத்தில் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் நாங்கள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

என் அறைத்தோழிக்கு நாங்கள் வைத்த பெயர் கொட்டாவி. காலை வகுப்பில் அவள் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. அவள்தான் ஒருநாள் வாயைத் திறந்த வேகத்தில் மருந்தியல் துறைத் தலைவியிடம் கேட்டுவிட்டாள். "மேடம், இந்த மருந்தை நோயாளிக்கு எவ்வளவு குடுக்கணும்?"

துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்தால் அவருக்கு முதலில் கண்ணாடிதான் கழலும்.

"எவ்வளவுன்னு கேக்கறது கடைக்காரன் கேள்வி. எப்படித் தெரியும்னு கேக்கறதுதான் டாக்டர் கேள்வி. உக்காரு."

கொட்டாவி உட்கார்ந்தாள். எவ்வளவு கொடுப்பது என்று அவளுக்கு இன்று வரை தெரியாது. கேட்டால் அழகாக எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்பாள்.

இந்தக் கூத்தில் வார்ஃபரின் என்ற மாத்திரை மட்டும் எப்படியோ தப்பித்துப் பாடத்தில் இருந்தது. ரத்தம் உறைந்து கட்டியாகிவிடாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரை. பழைய மருந்துதான், ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் போன வருடம் நாற்பத்தெட்டு எலிகளுக்கு அதைக் கொடுத்துக் கட்டுரை எழுதியிருந்தார். அந்தக் கட்டுரையைப் பதினொரு நாள் படித்தோம். எலிகளின் சராசரி எடை, கூண்டின் அளவு, விளக்கு அணைக்கும் நேரம் எல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். எந்த எலிக்கு என்ன ஆகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

என் அப்பா எலி இல்லை. நகரப் பேருந்து ஓட்டுநர். மூன்று வருடம் முன்பு இதயத்தில் ஒரு வால்வு பழுதாகி உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வார்ஃபரின். மாத்திரை குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் எங்கேயாவது ரத்தம் கசியும். நடுவில் கம்பிமேல் நடக்கிற பிழைப்பு. ஒவ்வொரு மாதமும் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு, யாரிடமாவது ஏதாவது கேட்பதற்காக அரை நாள் நிற்பார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். எனக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்த அன்று டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "இனிமே எவன் வாசல்லயும் போய் நிக்க வேண்டாம். எது கேக்கணும்னாலும் எம்பொண்ணு இருக்கா." இனிப்புக்கூட வாங்கிக் கொடுக்கவில்லை, இதை மட்டும்தான் சொன்னாராம். நான் மருத்துவம் படித்ததில் அவர் எதிர்பார்த்த லாபமே அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்டால் ஒரு பதில்.

அந்தக் கேள்வி ஒரு வியாழக்கிழமை வந்தது. சாயங்காலம் நான் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போனபோது அப்பாவின் இடது தாடை வீங்கி, பேச்சு ஒரு பக்கமாக வந்தது. ஈறில் சீழ் கட்டியிருந்தது. பல் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். சீழ்க் கிருமியைக் கொல்கிற மெட்ரோனிடசோல். வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார், இதயத்துக்கு ஒன்று என்று அப்பா சொல்லியிருக்கிறார். "அப்போ உங்க டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க" என்று அனுப்பிவிட்டார். இதய டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார்.

"எதுக்கு அவரு?" என்றார் அப்பா, மாத்திரை அட்டையை என் முன்னால் வைத்து. "இதை என் மாத்திரையோட சேர்த்துப் போடலாமாம்மா?"

எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாக மருந்தியல் படித்தவள், என் முன்னால் இரண்டே இரண்டு மாத்திரை, எனக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு மேடம்கிட்ட கேட்டுச் சொல்றேன்பா. அதுவரைக்கும் போடாதீங்க."

போனில் தேடிப் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தேடினேன். 'ரத்தக்கசிவு அதிகரிக்கலாம்' என்று முதல் வரியிலேயே இருந்தது. ஒழுங்கான மனுஷியாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் எட்டு மாதமாக என்னைப் பழக்கியிருந்தார்களே! 'அதிகரிக்கலாம்' என்றால் யார் சொன்னது, எத்தனை பேரில், ஒப்பீட்டுக் குழு இருந்ததா என்று மனசு தானாக ஓட ஆரம்பித்தது. கடைசி வரியில் 'உங்கள் மருத்துவரைக் கலந்து ஆலோசிக்கவும்' என்று இருந்தது. சரி, கலந்து ஆலோசித்துவிடலாம், அவர்கள் நடுவில்தானே குடியிருக்கிறோம் என்று படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஆளாகத் துறைத் தலைவியின் அறையில் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"உன் கேள்வி இன்னும் கேள்வியாவே இல்லை" என்றார். மேசை இழுப்பறையிலிருந்து நான்கு கட்டம் போட்ட ஒரு தாளை எடுத்தார். "யாருக்கு, எதை, எதோட ஒப்பிட்டு, என்ன விளைவு. எழுது."

எழுதினேன். யாருக்கு: அப்பா. எதை: மெட்ரோனிடசோல். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"எதோட மேடம் ஒப்பிடறது?"

"அதே வயசு, அதே வால்வு, அதே பல் வலி, ஆனா இந்த மாத்திரை போடாத இன்னொரு அப்பாவோட."

"எனக்கு ஒரு அப்பாதான் மேடம்."

"அதுதான் உன் ஆய்வோட முதல் குறைபாடு" என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் அவரே பாதி எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்து, "புள்ளியியல் சாரைப் போய்ப் பாரு. எத்தனை பேர் வேணும்னு கணக்குப் போட்டுத் தருவார்" என்றார்.

புள்ளியியல் ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் புள்ளி பூஜ்யம் ஐந்து. ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு அந்த எண்ணுக்குக் கீழே வந்தால்தான் எதையும் நம்புவார். தன் கல்யாணத்தை இன்னும் முழுதாக நம்பவில்லை என்று கேள்வி. நான் சொன்னதைக் கேட்டதும் கணினியைத் தட்டினார், முகம் மலர்ந்தது.

"முன்னூத்தி எண்பத்து நாலு."

"என்னது சார்?"

"அப்பாக்கள். முன்னூத்தி எண்பத்து நாலு அப்பாக்கள் இருந்தா ஏதோ சொல்லலாம். ஒரு அப்பாவை வச்சு என்னம்மா சொல்ல முடியும்? நாளைக்கே அவருக்கு ரத்தம் வந்தாலும் அது தற்செயலா இருக்கலாம். நாம அவசரப்பட்டு மாத்திரைமேல பழியைப் போடக் கூடாது. மாத்திரைக்கும் ஒரு நியாயம் வேணுமில்ல?"

"அப்பாவுக்கு வலிக்குது சார்."

"எவ்வளவு? பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. தாடை வீங்கிக் கஞ்சியைக் கூட உறிஞ்சிக் குடிக்கிறவரிடம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லை. புள்ளியியல் சார் என்னை ஏதோ வீட்டுப்பாடம் செய்யாதவள் போலப் பார்த்தார். முதல்வரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முதல்வர் சீட்டைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். ஒரு கணம் எனக்கு உயிர் வந்தது.

"உயிரோட இருக்கற நோயாளி. உண்மையான சந்தேகம். இந்த ரெண்டும் ஒண்ணா கிடைக்கறது எவ்வளவு அபூர்வம் தெரியுமா உனக்கு? இன்னிக்கே கூட்டம் போடறோம். நம்ம கல்லூரி எப்படி வேலை செய்யுதுன்னு உங்கப்பா பார்க்கட்டும்."

"சார், போடலாமா வேண்டாமான்னு மட்டும் சொன்னா போதும் சார்."

"அதைச் சொல்லிட்டா அப்புறம் கூட்டம் எதுக்கு?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம். பேராசிரியர்கள், மாணவர்கள், எல்லோருக்கும் பிஸ்கட். ஒரு கட்டுரையைத் தேடி எடுத்திருந்தார்கள். முப்பத்தொரு நோயாளிகள், இதே இரண்டு மாத்திரைகள். பாதிப் பேருக்கு மேல் ரத்தம் உறையும் அளவு தாறுமாறாகப் போயிருந்தது. முதல் பக்கத்திலேயே அது இருந்தது, நான் பார்த்தேன். எழுந்து சொல்லப் போனேன், ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்கிற முறைமைப் பகுதி முடியாமல் முடிவைப் பேசக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

முறைமைப் பகுதி நான்கரை மணி வரை போனது. முப்பத்தொரு பேரில் ஒருவர் பாதியில் வீடு மாறிப் போய்விட்டார். அவரைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று புள்ளி பூஜ்யம் ஐந்துக்கும் துறைத் தலைவிக்கும் கைகலப்பு ஒன்றுதான் பாக்கி. பிறகு இரண்டாவது வரைபடம் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை என்று ஒருவர் கண்டுபிடித்தார். அரங்கமே அதிர்ந்தது. அவருக்குத் தனியாக ஒரு கைத்தட்டல். குறைபாடுகள் பகுதிக்கு நூற்றெழுபது பேரும் எழுந்து நின்றோம். என் பையில் போன் மூன்று முறை அதிர்ந்து அடங்கியது. மூன்றும் அப்பா.

ஆறு மணிக்கு வாக்கெடுப்பு. சேர்த்துப் போடக் கூடாது என்று பதினான்கு பேர். போடலாம் என்று ஒன்பது பேர். மற்றவர்கள் எல்லோரும் கருத்துச் சொல்ல விரும்பவில்லை. எந்தப் பக்கமும் புள்ளி பூஜ்யம் ஐந்தைத் தொடவில்லை என்பதால் முதல்வர் மூன்றாவதாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 'மேலும் ஆய்வு தேவை.' அது ஒருமனதாக நிறைவேறியது. என்னை மேடைக்குக் கூப்பிட்டு நன்றி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். வெட்கங்கெட்டவள், நன்றாகவே சொன்னேன்.

வெளியே வந்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா சொன்னாங்க?"

"நாலு மணி நேரம் பேசினாங்கப்பா. பாதிப்பு வரலாம், வராமலும் போகலாம், இப்போதைக்கு முடிவா எதுவும் சொல்ல முடியாதுன்னு முடிச்சாங்க."

"அத்தனை பெரிய ஆளுங்க நாலு மணி நேரம் உக்காந்து பேசியும் இது ஆபத்துன்னு சொல்லலைல்ல?"

"அப்படிச் சொல்லலைப்பா. ஆனா..."

"அப்புறம் என்ன. ஆபத்தா இருந்தா சொல்லியிருக்க மாட்டாங்களா? வலி உயிர் போகுதும்மா. நான் போட்டுக்கறேன்."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வரவேண்டியது முதல் பக்கத்தில் நான் பார்த்த வரி, அதைத்தான் நான்கு மணி நேரம் சந்தேகப்பட்டுத் தீர்த்திருந்தோம். அம்மா போனை வாங்கி, "உங்க காலேஜ்ல டாக்டருங்க யாரும் கிடையாதாடி?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மூன்று நாளில் தாடை வீக்கம் வடிந்தது. நான்காவது நாள் பல் துலக்கும்போது ரத்தம் நிற்கவில்லை. முழங்கையில் எங்கேயும் இடிக்காமலே உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. மதியம் சிறுநீர் சிவப்பாகப் போனது. அம்மா ஆட்டோ வைத்து எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து சேர்த்தாள். நான் வகுப்பிலிருந்து ஓடினேன்.

வார்டு சிஸ்டர் இருபத்திரண்டு வருட சர்வீஸ். அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று அம்மாவிடம் கேட்டு, அட்டையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாரு இதைச் சேர்த்துப் போடச் சொன்னது? வார்ஃபரினோட இதைக் குடுக்கக் கூடாதுன்னு புதுசா வேலைக்கு வந்த பொண்ணுக்குக்கூடத் தெரியுமே. வீட்டுல படிச்சவங்க யாரும் இல்லையா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அந்த வார்டுக்கு ஒரு மாடி மேலே, அதே கட்டடத்தில், ஒரு பகல் முழுக்க ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். படி இறங்கி இவளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அவள் எந்தக் கட்டுரையும் எழுதியதில்லை என்பதால் அவளுக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இப்படியும் ஒரு புத்தி. அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது, அதில் பாதிக்கு மேல் என்மேல்தான்.

இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தி, ஊசி போட்டு, ரத்தம் ஏற்றி மூன்று நாளில் அப்பாவைத் தேற்றினார்கள். யார் தேற்றினார்கள் என்றால் சிஸ்டரும், கூட்டத்துக்கு வர நேரமில்லாத இரண்டு வார்டு டாக்டர்களும். நான்காம் நாள் முதல்வர் பரிவாரத்தோடு வந்தார். அப்பாவின் முழங்கையைப் போட்டோ எடுத்தார்கள். வலது பக்கம் வெளிச்சம் போதவில்லை என்று கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள்.

"பாருங்க, நாங்க அன்னிக்கே சொன்னோம்" என்றார் முதல்வர் அப்பாவிடம், பெருமையாக. "மேலும் ஆய்வு தேவைன்னு. உங்க ஒத்துழைப்பால இப்போ அது நடந்துடுச்சு."

அப்பா கும்பிட்டார். அவருக்கு இன்னும் தலை சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு மாதத்தில் கட்டுரை வெளிவந்தது. பதினொரு பேர் எழுதியது. முதல் பெயரா கடைசிப் பெயரா என்ற சண்டை வராமலிருக்க முதல்வர் இரண்டிலும் இருந்தார். அப்பா அதில் 'ஐம்பத்தெட்டு வயது ஆண்'. சிஸ்டர் அதில் எங்கேயும் இல்லை. அந்தக் கட்டுரையையே அந்த வருடப் பாடத்திலும் சேர்த்தார்கள். ஐந்து வருட விதிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. காலை எட்டு மணிக்கு என் அப்பாவின் முழங்கை சுவரில் ஆறடி உயரத்துக்கு விழுந்தது. குறைபாடுகள் பகுதி வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் எழவில்லை, வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் போனது.

அதற்குப் பிறகு நான் சிஸ்டரிடம் அவளுடைய பழைய கைப்புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அட்டை போன புத்தகம். எந்த மாத்திரையோடு எது ஆகாது என்று ஒரு வரிக்கு ஒரு வரி போட்டிருந்தது. அந்த வரிகளையும் என்றைக்கோ எவரோ கட்டுரையாக எழுதித்தான் கண்டுபிடித்திருப்பார்கள். கட்டுரைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. யாரோ இரண்டு வருடம் உழைத்துக் கண்டுபிடித்த ஒரு வரியை இவர்கள் திரும்பச் சந்தேகமாக்கி எங்கள் தலையில் கட்டினார்களே, அதற்குத்தான் வயிறு எரிகிறது.

வருடக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. மருந்தியலில் இதில் தேறினால்தான் மூன்றாம் ஆண்டு, இல்லையென்றால் ஆறு மாதம் வீண். வேறு கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் தேர்வாளராக வந்திருந்தார். நரைத்த தலை, இஸ்திரி கலையாத சட்டை, சாந்தமான முகம். பக்கத்தில் எங்கள் துறைத் தலைவி. குலுக்கிப் போட்ட கட்டுரைகளில் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தேன். ஐம்பத்தெட்டு வயது ஆண்.

"படிச்சிருக்கியா?" என்றார் தேர்வாளர்.

"படிச்சிருக்கேன் சார்."

"முடிவு என்னன்னு போட்டிருக்காங்க?"

"ரெண்டு மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டதுக்கும் ரத்தக்கசிவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும்னு சார்."

"ஒத்துக்கறியா?"

ஒத்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை போதும். கொட்டாவி அன்று காலை 'இருக்கக்கூடும்' என்று பதினொரு முறை சொல்லித் தப்பித்துவிட்டு வெளியே நின்று எனக்குச் சைகை காட்டினாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"இல்லை சார். கூடும் இல்லை, அந்த மாத்திரைதான் காரணம். வார்ஃபரினை உடம்பு கல்லீரல்ல கொஞ்சம் கொஞ்சமா அழிச்சு வெளியேத்தும். இந்த மாத்திரை அந்த வேலையைத் தடுக்குது. வார்ஃபரின் உள்ளேயே சேர்ந்துபோய் ரத்தம் உறையாம ஆயிடுது. இதை முதல் நாளே சொல்லியிருக்கணும்."

"இவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றே? ஒரே ஒரு நோயாளி."

"அந்த ஒரு நோயாளி எங்கப்பா சார்."

துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். தேர்வாளர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்து, பரிதாபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"இதை நீ ஆரம்பத்துலயே அறிவிச்சியா?"

"எதை சார்?"

"ஆய்வுல இருக்கற நோயாளி உனக்குச் சொந்தம்னா, பேசறதுக்கு முன்னாலயே அதை அறிவிக்கணும். அடிப்படை விதி."

"வருஷம் முழுக்க இதைத்தான் சார் சொல்லிக் குடுத்தோம்" என்றார் துறைத் தலைவி, குரல் தழுதழுக்க.

தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். அன்பாகத்தான் கேட்டார். "உங்கப்பா உயிரோட இருக்கணும்கற ஆசை உனக்கு இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்போ நீ நடுநிலை இல்லைம்மா. நீ போகலாம்."

வெளியே வந்து வராந்தாவில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றேன். கொட்டாவி என்ன ஆச்சு என்று கேட்டாள், குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். அவள் போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன். உணவு இடைவேளைக்கு மணி அடித்தது. தேர்வாளர் தனியாக வெளியே வந்தார். வராந்தாவின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார் தணிந்த குரலில். "எங்கம்மாவும் வார்ஃபரின்ல இருக்காங்க. முந்தாநாள் பல்லைப் பிடுங்கி இதே மாத்திரையைத்தான் குடுத்திருக்காங்க. காலையில போன்ல சொன்னாங்க. நான் மருந்துச் சீட்டு எழுதிப் பதினாறு வருஷம் ஆச்சு. எங்க காலேஜ்ல நாலு பேரைக் கேட்டேன், நாலு கட்டுரை அனுப்பியிருக்காங்க." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சேர்த்துப் போடலாமாம்மா?"

அவர் முகத்தில், அன்றைக்கு அறை அறையாக அலைந்த நானே நிற்பது எனக்குத் தெரிந்தது. ஆறு மாதத்தைத் தின்ற ஆளாயிற்றே, மேலும் ஆய்வு தேவை என்று சொல்லிவிட்டு நடக்கலாம் என்று ஒரு கணம் நாக்கு அரித்தது. ஆனால் அந்த அம்மா என்னை என்ன செய்தாள்?

"கூடாது சார். எத்தனை வேளை போட்டாங்க?"

"நாலு வேளை."

"உடனே நிறுத்தச் சொல்லுங்க. பல் டாக்டர்கிட்ட வேற மாத்திரை மாத்தி வாங்கச் சொல்லுங்க. இன்னிக்கே ரத்தம் குடுத்து உறையற அளவைப் பார்த்துடணும். நாளைக்குன்னு தள்ள வேண்டாம்."

அவர் அங்கேயே போனை எடுத்தார். "அம்மா, அந்தப் பல் மாத்திரையைத் தொடாதே. இல்லைம்மா, கண்டிப்பா கூடாது. நல்லா தெரிஞ்ச டாக்டர் ஒருத்தங்க சொல்லிட்டாங்க. தம்பியை வரச் சொல்றேன், உடனே லேபுக்குப் போ." போனை வைத்துவிட்டு என் தோளைத் தட்டினார், கண் கலங்கியிருந்தது. பிறகு சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

மாலை ஐந்து மணிக்கு முடிவுகளை ஒட்டினார்கள். என் எண்ணுக்கு நேராகத் 'தேறவில்லை' என்று இருந்தது. காரணம் என்ற கட்டத்தில், 'மாணவி பதிலை உறுதியாகச் சொல்கிறார். மருத்துவராவதற்கு இது உகந்ததல்ல' என்று அழகான கையெழுத்தில் எழுதி, அந்தத் தேர்வாளரே ஒப்பமிட்டிருந்தார்.